பழைய தேதியில் வந்தவன்

கேமராப் பதிவுப் பெட்டியின் மூடியைக் கழற்றியதும் உள்ளேயிருந்து முதலில் விழுந்தது ஒரு காய்ந்த பல்லி.

"இத்தனை வருஷமா நம்ம கடையக் காவல் காத்தது இவர்தானா?" என்றாள் வாலு, மூக்கைப் பொத்திக்கொண்டு.

மருமகள் அதைத் துணித்துண்டால் எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டாள். பெட்டிக்குள் இருந்த சின்ன மின்விசிறியில் நீலமும் சிவப்புமாக நூல் சுற்றியிருந்தது. திரைச்சீலைக் கடையில் எதைத் திறந்தாலும் உள்ளே நூல்தான் இருக்கும். சுவர்க்கடிகாரத்துக்குள்கூட ஒருமுறை இருந்தது.

அன்று கடைக்கு வார விடுமுறை. ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. மாமியார் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்ததில் மணிக்கட்டு பிசகிவிட்டது. அன்றுதான் கட்டுப் பிரிக்கலாமா என்று டாக்டர் சொல்லவேண்டும்.

வாலு என்பது நாத்தனாருக்கு வீட்டில் வைத்த பெயர். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வாங்க வந்தவர்களிடமே "இந்த ஃபிரேம் உங்க மூஞ்சிக்கு எடுப்பா இல்ல" என்று சொல்லிவிட்டு, அப்படியும் வேலை போகாமல் இருப்பவள். புது ஹார்டு டிஸ்க்கை வாங்கி வந்ததும் அவள்தான். முதலில் ரொம்பப் பெரியதாக வாங்கிவிட்டாள். இந்தக் கிழட்டுப் பெட்டி இரண்டு டெராபைட்டுக்கு மேல் தாங்காது என்று போனில் சர்வீஸ்காரர் சொன்ன பிறகு, திரும்பப் போய்ச் சண்டை போட்டு மாற்றிக்கொண்டு வந்தாள்.

எல்லாம் ஒரு ஹோட்டல்காரரால் வந்தது. தைக்கக் கொடுத்த துணியில் ஒரு சுருள் குறைகிறது என்று வந்து நின்றார். கேமராவில் பார்த்துவிடலாம் என்று தைரியமாகத் தேடினால், அந்த நாளே இல்லை. பழைய டிஸ்க் சிறியது. மூன்று வாரத்துக்குமேல் எதையும் வைத்திருக்காது. புதிய நாள் வந்ததும் பழைய நாளை அழித்து அதன்மேலேயே எழுதிவிடும்.

"நம்ம அம்மாவுக்கு நேர்மாறு" என்று வாலு அன்றைக்குச் சொன்னாள். "அம்மா பழசத்தான் வச்சுக்கும்."

அந்த அம்மாதான் சென்ற வாரம், இதே வெட்டும் மேஜையருகே நின்று, வீட்டையே வாயடைக்க வைத்தார். "மருந்துக்கடைக்காரருக்குச் சரின்னு சொல்லிடும்மா" என்றார் மருமகளிடம். அவளைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்ட அந்த மனிதர் பெயரை எடுத்தாலே, ஒரு வருடமாக எழுந்துபோய் அடுக்களையில் பாத்திரத்தை உருட்டியவர். என் பிள்ளை திரும்பி வருவான் என்று மூன்று வருடம் சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தவர். திடீரென்று ஏன் இந்த மாற்றம் என்று யாருக்கும் விளங்கவில்லை. வயதாகிவிட்டது, மனம் இளகிவிட்டது என்று மருமகள் நினைத்துக்கொண்டாள்.

மூன்று வருடத்துக்கு முன் துணி எடுத்துவர வேனில் கிளம்பினான் அவள் கணவன். வேன் மட்டும் கிடைத்தது, ஆற்றுப் பாலத்தின் நடுவில், சாவி தொங்கியபடி. அதன்பிறகு மூன்று முறை அவளைப் பிணவறைக்கு அழைத்துப் போனார்கள். மூன்று முறையும் துணியை விலக்கிப் பார்த்துவிட்டு, இல்லை என்று தலையாட்டிவிட்டு வந்தாள்.

இன்று மாலை மருந்துக்கடைக்காரர் பதில் கேட்டு வருகிறார். சரி என்று சொல்வதாகத்தான் அவள் தீர்மானித்திருந்தாள். காலையில் தலை வாரும்போது அந்த வார்த்தையை ஒருமுறை சத்தமாகச் சொல்லிக்கூடப் பார்த்தாள்.

"டிஸ்க்கக் கழட்டிடவா அண்ணி?"

"இரு. கழட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவ ஓடவிட்டுப் பாத்துடலாம். ஏதாவது வேணும்னா பென் டிரைவ்ல எடுத்துக்கலாம்."

மூடி திறந்தபடியே பெட்டிக்கு மின்சாரம் கொடுத்தார்கள். டிஸ்க் முனகிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தது. வாலு மவுஸைப் பிடித்து, இருப்பதிலேயே முந்தைய பதிவைத் திறந்தாள். திரையின் மூலையில் தேதி வந்தது. இரண்டாயிரமாவது வருடம், ஜனவரி ஒன்று.

"பாருங்க அண்ணி, இரண்டாயிரமாம். அப்ப நான் பால்பாட்டில்ல இருந்தேன். இந்தக் கடையே கெடையாது."

"அது ஒண்ணுமில்ல. உள்ள இருக்கிற பேட்டரி செத்துப்போச்சு. கரண்டு போனா கடிகாரம் ஆரம்பத்துக்குப் போயிடும். நான் ஹோட்டல் வேலைக்கு வெளியூர் போயிருந்தேன்ல, அப்ப கரண்டு போயிருக்கு. வந்ததுக்கப்புறம்தான் தேதியச் சரிபண்ணேன். அந்த ரெண்டு நாளும் பழைய தேதியில போய் உக்காந்திருக்கு."

"அப்ப கேலண்டர்ல தேடினா அது கெடைக்காது?"

"எப்படிக் கெடைக்கும்? அப்படி ஒரு தேதி இருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

திரையில் கடை தெரிந்தது. மேலிருந்து பார்க்கிற பார்வை. கல்லாவுக்குப் பக்கத்தில் மாமியார் உட்கார்ந்து ஒரு திரைச்சீலையின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த நூல்களை வெட்டிக்கொண்டிருந்தார். சத்தம் கிடையாது. வாலு வேகமாக ஓட்டினாள். மாமியார் விறுவிறுவென்று எழுந்தார், உட்கார்ந்தார், தண்ணீர் குடித்தார், கொட்டாவி விட்டார்.

"அம்மாவ இந்த வேகத்துல பாத்து எவ்ளோ வருஷமாச்சு" என்று வாலு சிரித்தாள்.

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஓர் ஆள் உள்ளே வந்தான்.

மருமகளின் கை தானாகப் போய் வாலுவின் கையைப் பிடித்தது. "நிறுத்து."

தாடி வைத்திருந்தான். இளைத்திருந்தான். ஆனால் இடது தோளை ஒரு விரல் அளவு இறக்கி நிற்கிற அந்த நிற்பு. பதினோரு வருடம் அவனுக்குச் சட்டை தைத்தவள் அவள். இடது தோளுக்கு எப்போதும் கொஞ்சம் கூடுதலாகப் பஞ்சு வைத்துத்தான் தைப்பாள்.

"அண்ணன்" என்றாள் வாலு. குரல் அவளுடையதாக இல்லை.

மருமகள் மெல்லச் சொன்னாள்: "பழசு. அவர் போறதுக்கு முன்னாடி எடுத்தது. எங்கேயோ ஒரு மூலையில அழியாம இருந்திருக்கு."

சொல்லும்போதே அவள் கண் நிறைந்துவிட்டது. நடமாடுகிற கணவனை மூன்று வருடம் கழித்துப் பார்க்கிறாள். திரையைத் தொட்டாள். கண்ணாடி சூடாக இருந்தது.

வாலு அண்ணனைப் பார்க்கவில்லை. தன் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி. அம்மா கையப் பாருங்க."

மாமியாரின் வலது மணிக்கட்டில் சாம்பல் நிறக் கட்டு இருந்தது.

போன மாதம் போட்ட கட்டு.

மூன்று வாரத்துக்குமேல் எதையும் வைத்திருக்காத டிஸ்க் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னவளே மருமகள்தான்; இது இரண்டு வாரத்துக்கு முன் தான் வெளியூர் போனபோது பதிவானது என்று சற்றுமுன் சொன்னவளும் அவள்தான். அதில் மூன்று வருடத்துக்கு முந்தைய மனிதன் எப்படி இருப்பான்?

"ஓடவிடு" என்றாள்.

வாலு ஓடவிட்டாள். திரையில் மாமியார் எழுந்தார். கையிலிருந்த கத்தரிக்கோல் கீழே விழுந்தது. மகன் அருகில் வந்தான். அவர் அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தார், கட்டுப் போட்ட கையாலும்தான். நெற்றி, காது, தாடி என்று தடவித் தடவிப் பார்த்தார். பிறகு அவனை உட்காரவைத்தார். அவன் பேசினான், ரொம்ப நேரம், தரையைப் பார்த்தபடி. மாமியார் கேட்டுக்கொண்டே இருந்தார்.

அப்புறம் அவர் எழுந்து நின்றார். வாசலைக் காட்டினார்.

அவன் காலில் விழுந்தான். அவர் பின்னால் நகர்ந்தார். அவன் ஏதோ எழுதிக் கொடுத்த தாளை, அவன் கண்ணெதிரிலேயே நாலாகக் கிழித்துப் போட்டார். அவன் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனதும், பிசகிய கையோடு ஷட்டரை இழுத்து இறக்கினார். பிறகு ஷட்டரில் முதுகைச் சாய்த்தபடியே சரிந்து தரையில் உட்கார்ந்தார். திரையில் அதற்குப்பிறகு வெகுநேரம் எதுவும் அசையவில்லை.

வாலு வாயில் துப்பட்டாவை அடைத்துக்கொண்டு அழுதாள்.

மருமகளுக்கு அழுகை வரவில்லை. அவள் கை தன்பாட்டுக்கு வேலையைத் தொடர்ந்தது. பெட்டியை அணைத்தாள். டிஸ்க்கிலிருந்து இரண்டு ஒயர்களையும் உருவினாள். கவிழ்த்துப் பிடித்து அடியிலிருந்த ஸ்க்ரூக்களைக் கழற்றினாள். பழைய டிஸ்க்கை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, புதியதைப் பொருத்தினாள். ஒயரைச் சொருகினாள். மூடியை மாட்டினாள்.

"அண்ணி, அத விடுங்க. அண்ணி."

"பாதியில விட்டா ஸ்க்ரூ தொலஞ்சிடும்" என்றாள் அவள். தான் என்ன சொல்கிறோம் என்பது அவளுக்கே கேட்கவில்லை.

பெட்டி உயிர்பெற்று, புது டிஸ்க்கை அடையாளம் கண்டுகொண்டு, இதில் உள்ளதெல்லாம் அழிக்கப்படும், சம்மதமா என்று கேட்டது. அவள் சம்மதம் கொடுத்தாள். வெறும் டிஸ்க். அழிவதற்கு அதில் ஒன்றுமில்லை.

மடியிலிருந்த பழைய டிஸ்க் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. அவன் உயிரோடு இருக்கிறான். அந்த ஒரு எண்ணத்தில் அவள் நெஞ்சுக்குள் குபீரென்று ஏதோ பொங்கியது. அதை எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. சந்தோஷம் என்றால் அவளுக்கே அவள்மேல் கோபம் வந்தது.

மாமியார் திரும்பி வரும்போது பகல் உச்சிக்கு ஏறியிருந்தது. கட்டுப் பிரித்த கையை விரித்துக் காட்டிக்கொண்டே ஷட்டருக்குக் கீழே குனிந்து நுழைந்தார்.

"பாத்தீங்களா, கை கெடச்சிடுச்சு. டாக்டர் என்னைப் பாத்து, உங்களுக்கு எலும்பு இல்ல, இரும்புன்னான். நான் சொன்னேன்..."

நிமிர்ந்தவர் இரண்டு பெண்களின் முகத்தையும் பார்த்தார். மருமகளின் மடியில் இருந்த டிஸ்க்கைப் பார்த்தார்.

"அது தேதி மாறிப் பதிவாகியிருந்துச்சு அத்தை" என்றாள் மருமகள். "நீங்க அழிக்கணும்னு தேடிப் பாத்திருப்பீங்க. கெடைக்கலன்னதும் பதிவாகலன்னு நினைச்சிருப்பீங்க."

மாமியார் மறுக்கவில்லை. பையைக் கீழே வைத்தார். துணிக்கட்டின்மேல் உட்கார்ந்தார். கட்டு இருந்த இடத்தை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டார்.

"உயிரோட இருக்கிற ஆளுக்கு அண்ணிய விதவையாக்கி, இன்னொரு கல்யாணம் பண்ணிவைக்கப் பாத்தியாம்மா?" என்று வாலு வெடித்தாள். "எங்கிட்டகூடச் சொல்லல. நான் உன் பொண்ணா இல்ல பக்கத்து வீடா?"

"உங்கிட்டச் சொன்னா ஊருக்குச் சொன்ன மாதிரி."

"அத்தை" என்றாள் மருமகள். "எங்க இருந்தாராம்?"

"வேற ஊர்ல. ஒரு குளிர்பதனக் கிடங்குல வேலையாம். ஒருத்தியோட இருந்திருக்கான். இப்ப அவளும் வேணாம்னுட்டாளாம். அதனால வீட்டுக்கு வரேன்னான்."

"ஏன் போனாராம்?"

"மூச்சு முட்டுச்சாம்."

"மூச்சு முட்டுச்சா?"

"அதத்தான் சொன்னான். கடை, வீடு, நான், நீ, எல்லாம் சேந்து மூச்சு முட்டுச்சாம். பாலத்துல வண்டிய நிறுத்தினப்போ திரும்ப ஏறத் தோணலையாம். நடந்து போயிட்டானாம்." மாமியாரின் குரல் உடைந்தது. "நான் பெத்தது அது. பாத்ததும் உசுரே திரும்பி வந்த மாதிரி இருந்துச்சு. அவன் அந்த வார்த்தையச் சொன்னதும் எனக்கு உன் முகம்தான் தெரிஞ்சுது. மூணாவது தடவ பிணவறைக்குப் போயிட்டு வந்தியே, அன்னிக்கி நீ வாந்தி எடுத்துட்டே இருந்தே. நான் உன் தலையப் பிடிச்சிட்டிருந்தேன். இங்க என்ன தங்கும் விடுதியா, தோணினாப் போக, தோணினா வரன்னு கேட்டேன். போடான்னுட்டேன்."

"நீங்க யாரு அதச் சொல்ல?"

அப்படி ஒரு குரலில் அவள் மாமியாரிடம் பேசியதே கிடையாது. வாலு அழுகையை நிறுத்திவிட்டாள்.

"போடான்னு சொல்றதா இருந்தா நான் சொல்லணும் அத்தை. வாங்கன்னு சொல்றதா இருந்தாலும் நான்தான் சொல்லணும். பிணத்தப் பாத்தது நான். ரெண்டு வாரமா உங்களுக்குத் தெரியும். நான் காலையில எழுந்ததும் அவர் படத்தத் தொடைக்கறத நீங்க பாத்துட்டே இருந்தீங்க. அப்பவும் வாயத் திறக்கல."

"தெரிஞ்சா நீ மறுபடி காத்திருப்பே."

"இருப்பேனோ மாட்டேனோ. அது உங்க கணக்கு இல்ல."

மாமியார் தலையைக் குனிந்துகொண்டார். "எனக்கு ஒரு வாழ்க்கையத்தான் காப்பாத்த முடியும்னு தோணுச்சு. உன்னத எடுத்துக்கிட்டேன்" என்றார்.

மருமகளின் கோபம் அப்படியே இருந்தது. ஆனால் அதைக் கொண்டுபோய் வைக்க இடம் இல்லாமல் போயிற்று. உள்ளே போய்த் தட்டில் சோறு போட்டு எடுத்துவந்து மாமியார் பக்கத்தில் வைத்தாள். காலையிலிருந்து அவர் சாப்பிட்டிருக்க மாட்டார் என்று அவளுக்குத் தெரியும். யாரும் தொடவில்லை. சோறு ஆறிப்போனது.

மாலையில் மருந்துக்கடைக்காரர் வந்தார். நல்ல மனிதர். மனைவி போய் ஆறேழு வருடம். அவர் வீட்டில் ஜன்னல் நாலுதான். இந்தக் கடையிலிருந்து அவர் வாங்கிப்போன திரைச்சீலைகளைப் போட்டால் ஒரு பள்ளிக்கூடத்தையே மூடிவிடலாம். புதிதாகத் தேய்த்த சட்டை போட்டிருந்தார்.

"உங்க அத்தை சரின்னு சொல்லிட்டதா கேள்விப்பட்டேன்" என்றார் தயங்கித் தயங்கி. "ஆனா நீங்க உங்க வாயால சொன்னாத்தான் எனக்குச் சரி."

உள்கதவுக்குப் பின்னால் மாமியாரும் வாலுவும் நிற்பது மருமகளுக்குத் தெரியும். எதையாவது சொல்லி நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பிவிடலாம். உடம்பு சரியில்லை என்றால் மாத்திரை கொடுத்துவிட்டுப் போய்விடுவார். ஆனால் இன்னொருவர் வாயை மூடிக்கொண்டதால் இரண்டு வாரம் தான் முட்டாளாக நின்றதை அவள் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டிருந்தாள். அதையே இந்த மனிதருக்குச் செய்ய மனம் வரவில்லை.

"என் வீட்டுக்காரர் உயிரோட இருக்கார்" என்றாள்.

அவர் உட்கார்ந்தார், பின்னால் என்ன இருக்கிறது என்றுகூடப் பார்க்காமல். நல்லவேளை, துணிக்கட்டு இருந்தது.

"நல்லதுதானே" என்றார்.

யார் பிழைத்துவிட்டார் என்று சொன்னாலும் மருந்துக் கடையில் அவர் சொல்லும் வார்த்தை அது. சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது.

"எப்பத் தெரியும்?"

"இன்னிக்குக் காலையில."

"வீட்டுக்கு வந்துட்டாரா?"

"இல்ல. வந்து, போயிட்டார். நான் அவரப் பாக்கல. பேசவும் இல்ல."

அவர் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் என்ன செய்யணும்?"

"எனக்கே தெரியல. உங்கள ஏமாத்தக் கூடாதுன்னு மட்டும் தெரிஞ்சுது."

"சரி" என்றார். எழுந்து, ஷட்டர் வரை போய்த் திரும்பினார். "நீங்க அவரப் பாத்துப் பேசுங்க. முதல்ல அது நடக்கணும். நான் கடையிலதான் இருப்பேன். தலைவலி மாத்திரைக்காவது வருவீங்கல்ல?"

அவர் போன பிறகு மருமகள் உள்ளே வந்தாள். மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அவர் குடுத்த தாள்ல என்ன இருந்துச்சு அத்தை?"

"அதான் பாத்தியே. கிழிச்சுப் போட்டேன்."

"என்ன இருந்துச்சுன்னு கேட்டேன்."

"போன் நம்பர்."

"சொல்லுங்க."

"கிழிச்சிட்டேன்னு சொல்றேன்ல."

"நீங்க பெத்த புள்ள நம்பர் அது. படிக்காமக் கிழிச்சிருக்க மாட்டீங்க."

மாமியார் வாலுவைப் பார்த்தார். வாலு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். கடைசியில் அவர் கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு இலக்கமாக, ஒன்றுகூடத் தட்டாமல் சொன்னார். இந்த இரண்டு வாரத்தில் அதை எத்தனை முறை மனசுக்குள் சொல்லிப் பார்த்திருப்பார் என்று மருமகளுக்குத் தோன்றியது.

அவள் கடை போனிலேயே சுழற்றினாள். மணி அடித்தது. இரண்டாவது மணி முடிவதற்குள் அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள்.

"அம்மா?"

மூன்று வருடமாக அவள் கனவில்கூடச் சரியாகக் கேட்காத குரல்.

"கடை நம்பரப் பாத்ததும் தெரிஞ்சுது" என்றது குரல் அவசர அவசரமாக. "மனசு மாறிட்டியாம்மா? நான் வரட்டுமா? அவகிட்டச் சொல்லிட்டியா? அவ என்ன சொன்னா?"

மருமகள் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா இல்ல" என்றாள். "நான்தான். உங்கள நாங்க ஆத்துல தேடிட்டிருந்தோம்."